தாங்கலுக்கு நிலம் வாங்கிய எஸ்தர்

செய்தி வந்தபோது நான் தறியில் இருந்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் ஏகாம்பரம்தான் போன் செய்தார். "மெம்பர், தலைவரம்மா போயிட்டாங்க. வேலூர் ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டி கெளம்பிடுச்சாம். ஜல்தியா வாங்க" என்றார். ஒரு வருடமாகவே தலைவர் எஸ்தருக்குச் சிறுநீரகக் கோளாறு. எதிர்பார்த்ததுதான் என்று ஊரில் சொன்னார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. முந்தின வாரம் நான் பார்க்கப் போனபோதுகூட, சாப்பாட்டில் உப்பில்லை என்று நர்ஸோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நானும் போனேன். பேசிய எல்லோரும் எஸ்தரைச் சாந்தமானவர், யார் மனமும் நோகப் பேசாதவர் என்றார்கள். அவர் பதவியில் இருந்தபோது அவருடைய கோப்புகளை மூன்று முறை திருப்பி அனுப்பிய ஒருவரும் அதையே சொன்னார். அது உண்மையல்ல. எஸ்தர் பலருடைய மனத்தை நோகடித்தவர், என் மனத்தையும் சேர்த்து. அவரை அறிந்த நீங்கள், செத்துப்போனதால் அவரை நல்ல பிள்ளையாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அவர் செய்யாறில் ஒரு காலணிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, தைத்துவரும் காலணிகளைச் சரிபார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது வேலை. அந்த வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்று ஜெயித்தார். தலைவர் பெயரளவுக்கு அவர், நடத்தப்போவது அவர் கணவர் தேவதாஸ் என்றுதான் வார்டு உறுப்பினர்களான நாங்களும் நினைத்தோம். முதல் கூட்டத்துக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தவர், எஸ்தர் எதிரே உட்கார்ந்திருக்க, வாசலில் நின்ற தேவதாஸிடம் பேசிக்கொண்டிருந்தார். எஸ்தர் சிறிது நேரம் பொறுத்தார். பிறகு, "சார், அவரு எங்க வூட்டுக்காரரு. மெக்கானிக்கு. உங்க வண்டி ரிப்பேருன்னா அவர்கிட்ட பேசுங்க. பஞ்சாயத்துன்னா என்னப் பாத்துப் பேசுங்க" என்றார். தேவதாஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

கோரைத்தாங்கலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் நெசவாளர் தெருவுக்கு மேற்கே இருக்கும் சின்ன ஏரி அது. கரையும் நடுப்பகுதியும் அரசுக்குச் சொந்தம். ஆனால் மேற்குப் பக்கம், நல்ல மழையில் தண்ணீர் பரவி நிற்கும் இடம் முழுவதும் பட்டா நிலம். மழை குறைந்த வருடங்களில் அங்கே கேழ்வரகு போடுவோம். மழை வந்தால் முழுகிவிடும். அது ஆக்கிரமிப்பல்ல, முறையான பட்டா. அதனால் எந்த அதிகாரியும் வந்து இடித்துத் தள்ள முடியாது. அந்தப் பட்டாதாரர்களில் நானும் ஒருவன், என் அண்ணனும் ஒருவர். பிளாட் போடுகிறவர்கள் வந்து, மண்ணடித்து மேடாக்கித் தந்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நாங்கள் எல்லோரும் லாரி லாரியாக மண் அடித்தோம்.

அடுத்து வந்த பெருமழையில் தண்ணீர் நெசவாளர் தெருவுக்குள் வந்தது. எங்கள் தெருவில் பெரும்பாலும் குழித்தறிகள். நெய்கிறவன் கால் வைக்கும் பள்ளம் முதலில் நிரம்பியது, பிறகு தறியில் பூட்டியிருந்த பாவு நூல் நனைந்தது. அரக்குச் சாயம் கரைந்து வெள்ளைப் பட்டில் இறங்கியதை நின்று பார்த்தேன். என் மனைவி இன்னொரு பாவு நூலை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டில்மேல் நின்றாள். முழங்கால் தண்ணீரில் எஸ்தர் வீடு வீடாக வந்தார். அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தவர், என் வீட்டில் ஆறுதல் சொல்லவில்லை. தறிக்குழியைக் காட்டி, "உங்க நெலத்துல நிக்க வேண்டிய தண்ணிதாங்க அண்ணா இங்க வந்து நிக்குது" என்றார். அந்த நேரத்தில் அப்படிச் சொன்னதற்காக நான் அவரோடு பல மாதங்கள் பேசவில்லை.

மழை விட்ட பிறகு அவர் கொண்டுவந்த யோசனையை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பட்டா நிலங்களை ஊராட்சியே விலைகொடுத்து வாங்க வேண்டும், அடித்த மண்ணை எடுத்துவிட்டுப் பழையபடி தாங்கலோடு சேர்க்க வேண்டும். அதற்கு ஒன்றியத்திடமும் மாவட்டத்திடமும் நிதி கேட்க வேண்டும். இதற்கான மன்றக் கூட்டம் தொடங்கியதும், "மெம்பர், நீங்க வெளிய இருங்க. உங்க நெலத்தப் பத்தி முடிவு பண்றப்ப நீங்க உள்ள இருக்கக் கூடாது" என்றார். நான் கத்தினேன். அவர் கதவைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஊர்ல ரோடே சரியில்ல, காசு குடுத்து சேத்த வாங்கச் சொல்றீங்க. கேக்கறவன் சிரிப்பான்" என்று ஒரு உறுப்பினர் சொன்னார். "சிரிக்கட்டும். ரோடு போட்டா அது மேலயும் தண்ணி நிக்கும். அப்ப யாரு சிரிப்பாங்க?" என்றார் எஸ்தர். தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. அந்த ஓட்டு அவருடையது.

கிராம சபையில் அது நிறைவேறாது என்று பிளாட் போடுகிறவர்கள் நம்பினார்கள். அன்று அவர்களுடைய ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் எழுந்து, "எங்க சொத்து. நாங்க யாருக்கு விக்கிறோம்னு பஞ்சாயத்து இன்னா சொல்றது?" என்று கேட்டார். கைத்தட்டல் விழுந்தது. நானும் தட்டினேன் என்பதை மறைக்கமாட்டேன். எஸ்தர் அவருக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "யார் வூட்டுத் தறிக்குழில தண்ணி பூந்துச்சோ அவங்க மட்டும் கை தூக்குங்க" என்றார். முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து கைகள் எழுந்தன. பிறகு ஆண்கள். அண்ணனின் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் கைகள். நான் தூக்குவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் என் மனைவியின் கை மேலே இருந்தது. "அண்ணா, உங்க சொத்த யாருக்கு வேணா வில்லுங்க. ஆனா தண்ணிய இவங்க வூட்டுக்குத் தள்ளிட்டு விக்க முடியாது. அதான் பஞ்சாயத்து சொல்றது" என்றார் எஸ்தர். முன்வரிசை ஆட்கள் எழுந்து போனார்கள்.

அதன் பிறகுதான் கஷ்டமே தொடங்கியது. கோப்பு ஒன்றிய அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. ஊராட்சி கட்டடத்துக்கு நிலம் வாங்கலாம், சுடுகாட்டுப் பாதைக்கு வாங்கலாம், தண்ணீர் நிற்பதற்கென்று வாங்கியதாக முன்மாதிரி இல்லை என்று எழுதியிருந்தார்கள். எஸ்தர் திருத்தி அனுப்பினார். மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் திரும்பி வந்ததும் அவரே ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் மேசை எதிரே உட்கார்ந்தார். காலையில் போனவர் மாலை வரை எழுந்திருக்கவில்லை. கூடப்போன ஏகாம்பரம் வந்து சொன்னது இது. "என்னம்மா, வேலை செய்ய விடாம பேஜாரு பண்றீங்க" என்றாராம் அதிகாரி. "கம்பெனில ஒரு ஷூவ ரிஜெக்ட் பண்ணா எங்க தையல் விட்டிருக்குன்னு சாக்பீஸால வட்டம் போட்டுக் குடுப்போம் சார். நீங்க சும்மா ரிஜெக்ட்டுனு எழுதறீங்க. எங்க தப்புன்னு வட்டம் போடுங்க, தெச்சி எடுத்துனு வரேன்" என்றாராம் எஸ்தர்.

கடைசியில் அங்கிருந்த ஒரு பொறியாளர்தான் வழி சொன்னார். தாங்கல் நிரம்பி வழிந்தால் அடுத்த இரண்டு ஊராட்சிகளின் கிணறுகளுக்கும் ஊற்று கிடைக்கும். அவர்களும் தீர்மானம் போட்டால் இது ஒரு ஊரின் ஆசை என்று யாரும் தள்ள முடியாது. எஸ்தர் தேவதாஸின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அந்த ஊர்களுக்கு அலைந்தார். இரண்டில் ஒரு தலைவர் எதிர்க்கட்சிக்காரர். "உங்களுக்கு நான் ஓட்டு கேட்டு வரல, தண்ணிக்குக் கேட்டு வந்திருக்கேன்" என்று சொல்லித் தீர்மானத்தை வாங்கிவந்தார். மூன்று ஊராட்சிகளின் தீர்மானங்களும் ஒன்றாகப் போன பிறகு ஒன்றியக் குழு ஆதரித்தது. மாவட்டத்திலிருந்து அனுமதி வந்தது.

அனுமதி வந்தாலும் நாங்கள் விற்க வேண்டுமே. பேசித்தான் வாங்க வேண்டும், கட்டாயமில்லை. ஊராட்சியின் விலையைவிட பிளாட் போடுகிறவர்கள் சொன்ன விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எஸ்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அப்படியே என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, நான் கெஞ்ச வரல. எங்க வெல கம்மி. அவங்க வெல ஜாஸ்தி. ரெண்டையும் வெச்சிகினு வூட்ல பேசுங்க. எங்களுக்குக் குடுக்கலன்னாலும் உங்க தெருவுக்குத் தண்ணிக்குழா வரும், அதுல ஒண்ணும் கொற வெக்கமாட்டேன்" என்றார். "என் நஷ்டத்துக்கு நீயா பொறுப்பு?" என்று ஒருமையில் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "இல்ல அண்ணா. நஷ்டம் உங்களுதுதான். அத லாபம்னு சொல்லி உங்கள ஏமாத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். எத்தனையோ பேர் என்னிடம் ஏதேதோ விற்றிருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள். நஷ்டத்தை நஷ்டம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் போன பிறகு என் மனைவி, "அன்னைக்கு பாவு நூலத் தூக்கிகினு நின்னவ நானு. இன்னொரு வாட்டி நிக்கமாட்டேன்" என்றாள். மறுவாரம் ஊராட்சிக்கு எழுதிக்கொடுத்தேன். என்னைப் பார்த்து மற்ற இரண்டு பட்டாதாரர்களும் எழுதிக்கொடுத்தார்கள். அண்ணன் மட்டும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மண்ணை அள்ளினார்கள். தூர்ந்துபோயிருந்த வரத்துக்கால்வாயை வெட்டினார்கள். முதல் மழைக்கு நான் பயந்தேன். இரவெல்லாம் பெய்து விடிந்ததும் கரைக்கு ஓடினேன். நான் உழுத நிலம் முழுக்கத் தண்ணீர். தெருவில் ஈரம் மட்டுமே இருந்தது. எஸ்தர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். சந்தோஷமாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தண்ணீருக்கு நடுவில் மேடாக நின்ற என் அண்ணனின் நிலத்துண்டைப் பார்த்தபடி, "அது ஒண்ணு பாக்கி" என்றார். அவ்வளவுதான். இன்று அங்கே கோரை அடர்ந்து கிடக்கிறது. நாமக்கோழிகள் குஞ்சுகளோடு நீந்துகின்றன. கோடையிலும் எங்கள் கிணற்றில் வாளி தரையில் இடிக்கவில்லை.

பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். பாக்கியுள்ள துண்டை வாங்கும் கோப்பு அப்படியே நின்றது. எஸ்தர் தலைவராக இல்லாமலே, கைப்பையில் மாத்திரை டப்பாவோடு, அந்தக் கோப்புக்காக அலைந்தார். "இப்ப நீங்க யாரு?" என்று ஒருவர் கேட்டார். "கிராம சபைல கை தூக்கறவ" என்றார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் வெளியே சிலர் மெல்லப் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. இனி அந்த நிலத்தைத் தரிசு என்று எழுதிக் கல்யாண மண்டபம் கட்டிவிடலாம், தட்டிக்கேட்க ஆளில்லை என்றார்கள். குறைந்த விலைக்குக் கொடுத்த நான் ஏமாளி என்றும் சொன்னார்கள். அவர்கள் மெல்லப் பேச வேண்டிய அவசியமில்லை. ஏமாளி என்று என் முகத்துக்கு நேரே சொல்லலாம். என் தறிக்குழி காய்ந்திருக்கிறது. அந்த மண்டபத்தின் முதல் செங்கல் வரும் நாளில் எங்கள் தெருப் பெண்கள் எங்கே நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

என்னிடம் எஸ்தரின் படம்கூட இல்லை. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். யார் முகம் சுளித்தாலும், சரியென்று பட்டதைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பது. ஐம்பது வயதுவரை எனக்கு அது வந்ததில்லை. அடுத்த கிராம சபையில், தாங்கலில் மேடாக நிற்கும் கடைசித் துண்டையும் ஊராட்சி வாங்க வேண்டும் என்ற தீர்மானத்தை நான் முன்மொழியப்போகிறேன். அந்த நிலத்துக்காரர், என்னோடு பிறந்தவர், எதிரே உட்கார்ந்திருப்பார். உட்காரட்டும். நான் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவேன்.