போர்டுக்குப் பொட்டு வைத்தது யார்?

‘ஒயர்மேன்’ என்ற சொல்லுக்குள் ஒரு ‘மேன்’ உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு எடுத்துச் சொன்னவர் கரண்ட் ஆபீஸிலிருந்து ஒயரிங்கைச் சோதிக்க வந்த இன்ஜினீயர். அப்போது நான் வேங்கிக்காலில் ஒரு புது வீட்டில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். புடவைக்கு மேல் என் வீட்டுக்காரரின் பழைய சட்டை, வாயில் நாலு ஆணி. கீழே ஸ்டூலில் என் வீட்டுக்காரர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, மேல என்ன பண்றீங்க?” என்றார் இன்ஜினீயர்.

ஆணியைத் துப்பிவிட்டு, “கிளிப் அடிக்கிறேன் சார்,” என்றேன்.

“இந்த ஒயரிங் யாரு பண்ணது?”

வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், “நான்தான் சார்,” என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அன்றைக்கு அதை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இன்ஜினீயர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். “லைசென்ஸ் உங்க பேர்ல, வேல செய்றது இவங்களா? ஒத்துக்க முடியாதுங்க. லைசென்ஸ் யாரு பேர்ல இருக்குதோ அவங்கதான் வேல செய்யணும், அவங்கதான் கையெழுத்துப் போடணும்.” ஃபைலை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “ஒயர்மேன்ல ஒரு மேன் இருக்குது பாத்தீங்களாம்மா?”

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டத்தைச் சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை.

அது எழுபதுகளின் கடைசி. அதற்கு முந்தைய வருஷம் கார்த்திகை தீபத்துக்குத் தேரடி வீதியில் சீரியல் லைட் கட்டும்போது வீட்டுக்காரர் ஏணியோடு சாய்ந்தார். இடுப்பெலும்பு போனது. உயிர் பிழைத்தார், நடந்தார், ஆனால் அதற்குப் பிறகு அவரால் ஒரு முக்காலி மேல்கூட ஏற முடியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவருக்கு ஒயர் சீவிக் கொடுத்தது, ஃபியூஸ் கட்டிக் கொடுத்தது, ஒயர் ஓட்டச் சுவரில் அடிக்கும் ரீப்பர் கட்டைக்கு அளவு எடுத்தது எல்லாம் நான். பள்ளி இறுதி வரை படித்திருந்ததால் கணக்கும் வரைபடமும் எனக்கு வரும். அவர் படுத்ததும் நான் ஏணியில் ஏறினேன். அவர் கூடவே வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டில். நான் ஏறக் கூடாது என்றால் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது.

சட்டம் வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். செங்கம் ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒருவர் டீக்கடை நடத்தினார். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அங்கே உட்கார்ந்து கிளாஸ் கிளாஸாகக் குடிப்பார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று, விஷயம் தெரியாத யாரோ ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் ஸ்போக்கை வெட்டிச் சொருகிவிட்டார்கள். அப்புறம் ஃபியூஸ் போகவில்லை, கொட்டகை போனது. கடைக்காரர் கல்லாப்பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததை நான் பார்த்தேன். அதனால் தெரியாதவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் கொடுக்கக் கூடாது என்று சர்க்கார் சொன்னால் நான் இரண்டு கையும் தூக்குவேன். தெரிந்தவளுக்கும் கொடுக்க மாட்டேன் என்றால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன்.

அந்த வேங்கிக்கால் வீட்டைக் கட்டியவர் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்தவர், நல்ல மனுஷர். வேறு வழியில்லாமல் இன்னொரு ஒயர்மேனைக் கூப்பிட்டார். அந்த மகராசன் வந்தான், சுற்றிப் பார்த்தான், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். லைட் எரிந்தது. நான் இழுத்த ஒயர், அவன் கையெழுத்து! அன்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்ட போடில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து, “என்னாடி ஆச்சு, பூன பூந்துடுச்சா?” என்று கேட்டாள்.

“இப்ப இன்னா பண்ணணும்ங்கற?” என்றார் வீட்டுக்காரர்.

“லைசென்ஸ் எடுக்கணும்.”

“யாரு பேர்ல?”

“உங்க மாமியா பேர்ல,” என்றேன். அவர் சிரித்துவிட்டு, அன்றைக்கே விண்ணப்பத்துக்கு எழுதிப் போட்டார்.

விண்ணப்பத்தோடு, இத்தனை வருஷம் வேலை பார்த்தேன் என்று ஒரு கான்ட்ராக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த பாய். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக ஊரில் கடை நடத்துகிறது. சும்மா எழுதிக் கொடுக்க மாட்டார் என்று பெயர். போய்ச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நான் பொய் எழுத மாட்டேம்மா.”

“தெரியும் பாய்.”

“நீ வேல செஞ்சது நெஜம். நெஜத்த எழுத எதுக்குப் பயம்? குடு தாள.”

ஒரு வருஷம் ஜாஸ்தி போடவில்லை, ஒரு வருஷம் கம்மி போடவில்லை. அந்தக் கடிதத்தை வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, “எழுத்து கோழி கிண்டுனாப்ல இருக்குது பாய்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரு மூலையில் சிவப்பு மையில், ‘விண்ணப்பதாரர் பெண் எனத் தெரிகிறது. விளக்கம் தேவை’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வக்கீலைப் பார்க்கலாமா என்றார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ‘ஐயா, விண்ணப்பதாரர் பெண்தான். வேறு விளக்கம் ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, விண்ணப்பத்தோடு குத்தி, அன்று மாலைத் தபாலிலேயே அனுப்பிவிட்டேன். அடுத்து வந்த உறையில் ஹால் டிக்கெட் இருந்தது!

பரீட்சை வேலூரில். ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள். விடாத மழை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். தேர்வு நடக்கிற தொழிற்கூடத்து வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

“பரீட்சக்கி வந்தவங்கதாம்மா உள்ள போலாம். வூட்டுக்காரருக்கு சாப்பாடு குடுக்கறதுன்னா இங்கயே குடுத்துட்டுப் போ.”

தூக்குச்சட்டியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். “சாப்பாடு அவருக்கு, ஹால் டிக்கெட் எனக்கு,” என்று எடுத்துக் காட்டினேன். வாட்ச்மேன் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

உள்ளே ஒரு ஹால் முழுக்க ஆண்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பெருக்க வந்தவள் என்று நினைத்து ஒருவர் காலைத் தூக்கிக்கொண்டார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் வாய்மொழிக் கேள்வி. தேர்வாளர் தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். “ஃபியூஸ் எதுக்குப் போகுது?” என்று கேட்டார். “வீடு போகக் கூடாதுன்னு அது போகுது சார்,” என்றேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். செங்கம் ரோடு டீக்கடையையும் சொன்னேன்.

அடுத்தது செய்முறை. சுவரில் வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றிலும் மெயின் ஸ்விட்ச், ஃபியூஸ், ரெண்டு லைட், ஒரு பிளக். தேர்வாளர் முன்கூட்டியே ஒரு கோளாறு வைத்திருப்பார். அதைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். சரியானதா என்று மெக்கர் சொல்லும். மெக்கர் என்றால் கைப்பிடி போட்ட ஒரு பெட்டி. பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் முள் நகரும். ஒயரின் ரப்பர் உறை மின்சாரத்தைக் கசியாமல் பிடித்திருந்தால் முள் அந்தக் கோடி வரை போகும். எங்கேயாவது கசிந்தால் பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். கசிகிற வீட்டில் என்றைக்காவது ஷாக் அடிக்கும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

எனக்கு வந்தது கடைசிப் பலகை. அதில் காலையிலிருந்து மூன்று பேர் தோற்றிருந்தார்கள். அவர்களில் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் ஜன்னல் பக்கம் நின்று, “அது சனியன் புடிச்ச பலகைம்மா,” என்று எனக்கு மெதுவாகச் சொன்னார்.

தேர்வாளர் வைத்த கோளாறு எனக்குக் கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டது. பிளக்குக்குப் பின்னால் ஒரு ஒயரின் தோலைச் சீவி இரும்பில் படவைத்திருந்தார். சரி செய்தேன். மெக்கரைச் சுற்றினேன். முள் அசையவில்லை. மறுபடி சுற்றினேன். பூஜ்யம்.

“நேரம் ஆவுதும்மா,” என்றார் தேர்வாளர்.

பின்னால் யாரோ, “சுண்டல் வேகுதான்னு பாக்கறாங்க போல,” என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வாசலில் மழையில் நிற்கிற மனுஷரை நினைத்தேன். இதை விட்டால் மறுபடி சட்டைக்குள் ஒளிந்துகொண்டு ஏணி ஏற வேண்டியதுதான், அதுவும் எவனோ ஒருவன் கையெழுத்துக்கு. ஒரு ஒயரையும் தொடாமல், பலகையை மேலிருந்து கீழாகச் சும்மா பார்த்தேன்.

மெயின் ஸ்விட்ச் மூடி மேல் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பூஜைக்கு வைத்தது. மற்றப் பலகைகளிலும் இருந்தது. ஆனால் இந்த மூடியின் இடுக்கில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சார், இந்த போர்டுக்குப் பொட்டு வெச்சது யாரு சார்?”

ஹாலே சிரித்தது. தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. “ஏன்?” என்றார்.

“மூடியத் தெறந்து உள்ளயும் வெச்சிருக்காங்க சார்.”

திறந்தேன். பீங்கான் ஃபியூஸ் ஒவ்வொன்றுக்கும் யாரோ பக்தியாக ஈரச் சந்தனம் அப்பிப் பொட்டு வைத்திருந்தார்கள். மழைக் காலத்தில் காயாமல் வழிந்து, செம்புக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே ஈரப் பாலம் போட்டிருந்தது. இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கல்யாணமான முதல் ஆயுத பூஜைக்கு நான் இதே வேலையைச் செய்தவள். மறுநாள் மெயின் ஸ்விட்சில் கை வைத்து வீட்டுக்காரர் அலறினார். “சாமிக்கு வெக்கற பொட்டு நம்மள சாமிகிட்டயே அனுப்பிடும்டி!” என்று அன்று முழுக்கத் திட்டினார்.

முந்தானையால் துடைத்தேன். இடுக்கில் இருந்ததைத் தீக்குச்சியால் சுரண்டினேன். உலர்ந்த துணி கேட்டு வாங்கி மறுபடி துடைத்தேன். பிறகு மெக்கரைச் சுற்றினேன். முள் எழுந்து, தயங்காமல், கோடிவரை போய் நின்றது. ஐயோ, அந்த முள்ளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

தேர்வாளர் குனிந்து ஃபியூஸை முகர்ந்துகூடப் பார்த்தார். “அம்மா, இது சிலபஸ்லயே இல்ல,” என்றார்.

“எங்க வீட்டு சிலபஸ்ல இருக்குது சார்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பலகையில் தோற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு, வேறு பலகையில் மறுபடி செய்யச் சொன்னார். கீழ்பென்னாத்தூர்க்காரர் வெளியே வந்ததும் எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நான் திட்டுனதுதான் உன்னப் பாஸாக்குச்சி,” என்று பஸ்ஸில் ஊர் வரைக்கும் பெருமை பேசிக்கொண்டு வந்தார்.

லைசென்ஸ் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. அட்டையில் ‘திரு’ என்று அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நீல மையில் ‘மதி’ என்று யாரோ கையால் எழுதிச் சேர்த்திருந்தார்கள்.

“மதிய மட்டும் கையால போட்டிருக்காங்க பாரு,” என்றார் வீட்டுக்காரர்.

“அச்சடிச்சதுல அது இல்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்குது,” என்றேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வருஷமே அந்த வேங்கிக்கால் மண்டிக்காரர் மாடி கட்டினார். தேடி வந்து என்னிடமே வேலையைக் கொடுத்தார். முழு ஒயரிங்கும் நான். வேலை முடிந்து கரண்ட் ஆபீஸுக்கு எழுதிப்போட்டோம். சோதிக்க வந்தவர் அதே இன்ஜினீயர்.

என்னைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், மெக்கரை எடுத்து ஒவ்வொரு அறையாகச் சுற்றினார். எல்லா அறையிலும் முள் கோடியில் போய் நின்றது. மெயின் ஸ்விட்ச் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே பொட்டு இல்லை. மூடிக்கு வெளியே மட்டும் சின்னதாக ஒன்று வைத்திருந்தேன். தாளை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துப் பேனாவை நீட்டினார். ஸ்டூலில் இருந்த வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் எழுந்து கையை நீட்டினார்.

“நீங்க இல்லைங்க,” என்றார் இன்ஜினீயர். “லைசென்ஸ் யாரு பேர்ல இருக்குதோ அவங்கதான் கையெழுத்துப் போடணும்.”

சொன்ன பிறகுதான், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. முகம் ஒரு மாதிரி ஆனது. நான் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினேன். தாளின் கீழே ‘ஒயர்மேன் கையொப்பம்’ என்று அச்சடித்திருந்தது. சும்மா போட்டுவிட்டுப் போக என்னால் முடியுமா?

“சார், இதுல ஒரு மேன் இருக்குது பாத்தீங்களா?”

“இருந்துட்டுப் போகட்டும்மா,” என்றார் அவர். “நீங்க போடுங்க.”

இனிஷியலிலிருந்து கடைசி எழுத்து வரை முழுசாகப் போட்டேன்.