கடலைச் செடியைப் பொருத்திய நாள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பேத்தி கயல் தன் தம்பிக்கு மரத்துண்டுகளைச் செடியாகப் பொருத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் ஜெயங்கொண்டத்தில் எங்கள் கடலைக் காடு ஞாபகம் வந்துவிட்டது.

கடலை பிடுங்கும்போது அம்மா ஒரு செடியைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போடுவாள்.

"சரியாச் சேக்கிறவங்களுக்குத்தான் வூட்டுக்கு வண்டி. மத்தவங்க நடந்து வாங்க."

ஒரு நாள் அண்ணன் கடலையை வேர்நுனியில் வைத்தான். நான் பூவுக்கடியிலிருந்து விழுதை இறக்கி, அதன் நுனியில் வைத்தேன்.

"பூவுலேர்ந்து கடலை மண்ணுக்குள்ள எறங்குமாக்கும்? போடி கூமுட்டை!" என்றான் அண்ணன்.

அம்மா முழுச்செடி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள். நான் வைத்தபடியே இருந்தது. வண்டியில் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் புழுதி தின்றுகொண்டே பின்னால் நடந்தான்.

"கயலு, நான் எழுதுன இதப் படிச்சுக் காட்டு. எங்கண்ணன் நடந்து வந்த எடத்தச் சத்தமாப் படி. பக்கத்து வூட்டுலதான் இருக்கான், காதுல வுழட்டும்."