தேசம்மாள் வீட்டு டிவியில் சத்தம் வந்த நாள்

மீன் ஏலத்தைப் பற்றி எழுதுவதற்காகக் காசிமேட்டில் நின்றிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. அழைத்தவர் தேசம்மாளின் மருமகள் வள்ளி. "அத்தை காலைல பூட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு" என்றார். அவர் என்னைக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய அந்த மீனவர் குப்பத்துக்குச் செய்தி சேகரிக்கப் போன நிருபர்கள் நம் எல்லோருக்கும் தேசம்மாளைத் தெரியும். மீன் விற்றுக்கொண்டே குப்பத்துப் பெண்கள் சங்கத்தையும் நடத்தியவர். கேமராவோடு வருகிறவர்களுக்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். எடுத்ததை அவர் வீட்டு டிவியில் தெருவுக்குப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். "எங்க மூஞ்சிய எட்துகினு போற. நாங்க பாக்க வேணாமா?" என்பார். நேரமில்லை என்று மறுத்த ஒருவரின் வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "டீ குடிச்சிகினு இரு நைனா, இன்னா அவசரம்?" என்று உட்கார வைத்ததை நாம் பல காலம் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

படகுகள் நிறுத்தும் கரையில் வேலி போட ஒரு நிறுவனம் இடம் கேட்டிருந்த சமயத்தில் நான் போனேன். தேசம்மாளைப் பேசவைத்து வீடியோ எடுத்தேன். பிறகு விதிப்படி மடிக்கணினியை டிவியோடு இணைத்தேன். என் பையில் இருந்தது நீல முனை வைத்த பழைய வயர். அது படத்தை மட்டும்தான் கொண்டுபோகும். சத்தத்துக்குத் தனி வயர் வேண்டும். நான் எடுத்துப் போகவில்லை. மடிக்கணினியில் வந்த கொஞ்சநஞ்ச சத்தமும் வெளியே போன கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் அமுங்கிவிட்டது. திரையில் தங்களைப் பார்த்த சந்தோஷத்தில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. "சத்தமில்லாம இருந்தா நீகூட அழகாத்தான்டி கீற" என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். தேசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"வாய் அசையுது. இன்னா பேசினேன்னு கேக்கலையே?"

"நீங்க சொன்னதத்தானம்மா எழுதப் போறேன்" என்றேன். எனக்கு அலுவலகம் திரும்பும் அவசரம்.

வீடியோவில் அவர் சொன்னது இது: "புயல் வந்தா ரெண்டு நாளு படகை அந்தாண்ட வுடுவோம். மத்த நாளெல்லாம் எங்க கரை இதுதான்." என் குறிப்பேட்டில் இருந்தது, 'படகு, அந்தப் பக்கம், விடுவோம்'. வீடியோவைத் திரும்பப் பார்க்காமல் குறிப்பை வைத்தே எழுதினேன். படகுகளை வேறு இடத்துக்கு மாற்றச் சம்மதம் என்று தேசம்மாள் கூறியதாக மறுநாள் அச்சானது. நிறுவனத்தோடு நடந்த அடுத்த பேச்சுவார்த்தையில் ஓர் அதிகாரி அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார்.

அதன் பிறகு தேசம்மாளால் தெருவில் நடக்க முடியவில்லை. "இன்னா தேசம்மா, கரைய எழுதிக் குட்த்துட்டியாமே?" என்று எதிர்வீட்டு முனுசாமி வாசலில் நின்று கேட்டார். சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவது குறைந்தது.

திருத்தம் உள்பக்கத்தில் இரண்டு வரியாக வந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வாங்கிப் பார்த்தார். "இத்த யாரு படிப்பா, ரிப்போட்டரே? அந்தப் படத்த எட்தாந்து டிவில போடு. சத்தத்தோட. நான் இன்னா சொன்னேன்னு தெரு கேக்கட்டும்."

அடுத்த வாரம் வருவதாகச் சொன்னேன். மழை வந்தது, தேர்தல் வந்தது, நான்கு மாதம் போனது. இடையில் இரண்டு முறை போன் செய்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "வயர் கெட்ச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் மடிக்கணினியோடு போனேன். வள்ளி, டிவிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் உறையைக் காட்டினார். உள்ளே பிரிக்காத எச்டிஎம்ஐ வயர். படமும் சத்தமும் ஒன்றாகப் போவது. "கடைல கேட்டு அத்தையே வாங்கியாந்தாங்க. வயர் இல்லன்னு நீங்க திரும்பிடக் கூடாதாம்."

அதைப் பிரித்து மாட்டினேன். படம் வந்தது. சத்தம் அப்போதும் மடிக்கணினியிலேயே கேட்டது. ஒலி எதன் வழியாக வர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் டிவியைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

தேசம்மாளின் குரல் வாசலைத் தாண்டிப் போனது. "மத்த நாளெல்லாம் எங்க கரை இதுதான்." முனுசாமி இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். "இத்தத்தான அது சொல்லிகினே இருந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

கிளம்பும்போது வயரைச் சுருட்டி வள்ளியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்குங்க சார். இனிமே இல்லன்னு சொல்ல முடியாதுல்ல."

அந்த வயர் என் பையில் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒருவர் பேசியதை அவரே கேட்டு முடிக்கும் வரை நான் எழுந்திருப்பதில்லை. தேசம்மாளிடமிருந்து என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்: அந்த வயர், இந்தப் பழக்கம், அன்று சத்தமில்லாத டிவி முன்னால் நான் பதில் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்த அவருடைய கேள்வி.