தொங்கானைக் கட்டியவர் எங்கள் தாத்தா அல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். முதல் பக்கத்தில் அண்ணனின் படத்துக்குக் கீழே 'தொங்கான் கட்டிய தாத்தாவின் பெயர் காத்த பேரன்' என்று அச்சிட்டிருப்பதைப் படித்திருப்பீர்கள். அச்சகத்தில் அதைப் பார்த்ததும் எடுக்கச் சொன்னேன். எழுத்துக் கோத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பெரியப்பாவின் மகன் சொன்னார். அப்படியானால் அடுத்த பக்கங்களை நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தப் பொய்யை மறுத்ததற்காக அண்ணனை ஒதுக்கி வைத்தீர்களோ, அதே பொய்யை அவர் படத்துக்கடியில் ஒட்டி ஊருக்கு அனுப்பினால் உடன்பிறந்தவள் சும்மா இருப்பாளா?

அண்ணன் இந்தச் சிங்கப்பூரில்தான் பிறந்தார். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைகளின் வாடை வீசும் ஒரு வாடகை அறை எங்கள் வீடு. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மீசை அரும்பாத வயதில் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து எனக்கு ஊட்டி வளர்த்தவர் அண்ணன். சண்டை ஓய்ந்த பிறகு இரவுப் பள்ளியில் ஆங்கிலம் படித்துத் துறைமுகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு மை பட்டாலும் அன்றைய சாப்பாடு அவருக்கு இறங்காது. வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று முறை கால் கழுவுவார். பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் காப்பித் தம்ளரின் விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடித்தார் என்பதே, அவருக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகாமல் போனதற்குக் காரணம் என்று நான் கேலி செய்வதுண்டு. அவர் சிரிக்க மாட்டார்.

இனி அந்தத் தொங்கானைப் பற்றிச் சொல்கிறேன். கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவரும் பெரிய மரப்படகு அது. நான் விவரம் அறிந்த நாளிலேயே அது ஓடுவதை நிறுத்திவிட்டது. ரோச்சோர் கால்வாய் காலாங் ஆற்றில் போய்ச் சேரும் இடத்துச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. எங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தா அதைத் தம் கையாலேயே கட்டினார் என்பதுதான் எங்கள் குடும்பத்தின் ஒரே பெருமை. வேறு பெருமை இல்லாததால் இதை ரொம்பவும் இறுகப் பிடித்துக்கொண்டோம். குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் மணமக்கள் மாலையோடு போய் அதன் முகப்புப் பலகையில் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும்.

1950-களின் நடுவில் எனக்குக் கல்யாணம் நடந்தது. கூறைப் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கினேன். அன்னாசித் தோல், பன்றிப் பண்ணையிலிருந்து வடிந்து வந்த கழிவு, வயிறு உப்பிய எலி, இன்னும் பெயர் சொல்லக் கூசுகிற எல்லாம் காலைச் சுற்றின. என் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா மட்டும் கோயில் தெப்பக்குளத்தில் நிற்பவர்போல நின்று, "கும்புடுங்க, கும்புடுங்க, இது நம்ம தாத்தா கை பட்ட கட்டை" என்றார்.

அன்றும் முகப்புப் பலகையில் வாடிய மல்லிகைச் சரம் ஒன்று கட்டியிருந்தது. ஆண்டுக்கொரு முறை யாரோ அதைக் கட்டிவிட்டுப் போவார்கள். நம் குடும்பம் தழைக்கக் கூடாதென்று ஆகாதவர்கள் வைக்கும் செய்வினை அது என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. அதைக் குச்சியால் எடுத்துச் சேற்றில் எறிந்து, எலுமிச்சம்பழம் அறுத்துப் பிழிந்து, பலகைக்கு மாட்டு மூத்திரம் தெளிப்பார்கள். ஒரு சரம் பூவுக்கு இத்தனை பரிகாரமா என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு பெரியப்பா தம் சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் தொங்கானின் வரலாறு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். "நீதான் படிச்சவன். எப்ப கட்டினாரு, எங்க கட்டினாரு, நாலு பேரக் கேட்டு நல்லா எழுதிக் குடுடா" என்று அண்ணனிடம் ஒப்படைத்தார். அண்ணனுக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்ய வராது. அது பெரியப்பாவுக்குத் தெரியவில்லை.

முதலில் தஞ்சோங் ரூவில் படகு கட்டும் சீன முதலாளியான தவுக்கே ஒருவரை அழைத்துவந்து காட்டினார். அவர் விலாக்கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "புக்கான் கித்தா புஞ்ஞா" என்று கையை விரித்தார். தங்கள் சீன ஆட்கள் கட்டியதல்ல என்று மலாயில் பொருள். காலாங்கில் ஆள் ஏற்றும் படகு வைத்திருந்த மலாய்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டபோது அவர் சிரித்தாராம். "இதைக் கட்டியவர் நாகூர் மாமாக். அவர் மகள்தானே வருஷா வருஷம் வந்து பூக் கட்டுகிறாள், உங்களுக்குத் தெரியாதா?" என்றாராம். இங்கே தமிழ் முஸ்லிம்களை மலாய்க்காரர்கள் மாமாக் என்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த அண்ணன் கால் கழுவ மறந்து, சேற்றோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "செய்வினை இல்ல தங்கச்சி. அப்பனுக்கு மகள் வைக்கிற பூ. அதுலயா நாம மாட்டு மூத்திரத்த ஊத்தினோம்?" என்றார்.

ஜாலான் புசார் பக்கம் சாக்குத் தைத்துப் பிழைத்துவந்த கதீஜா பீவி அம்மாதான் அந்த மகள். அண்ணன் போய் நின்றதும், ஊசியைக் கீழே வைக்காமலேயே, "நீ அந்தச் சுக்கானியோட பேரன்தானே? என்ன, பூக் கட்டக் கூடாதுன்னு சொல்ல வந்தியா?" என்று கேட்டார். எங்கள் தாத்தா அந்தத் தொங்கானில் சுக்கான் பிடித்த கூலி ஆள் என்பது அப்போதுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. கட்டியவரும் உடையவரும் பீவி அம்மாவின் வாப்பா. அவர் நோய் கண்டு ஊருக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார். கைக்குழந்தையோடு இங்கே இருந்த அவர் மனைவியிடம் தாத்தா முதலில், 'படகைப் பார்த்துக்கொள்கிறேன்' என்றார். கொஞ்ச காலம் கழித்து, 'படகு என்னுடையது' என்றார். கிழவரானதும் 'நானே கட்டினேன்' என்றார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவரின் பெயருக்குத்தான் இத்தனை நாளும் நாங்கள் கற்பூரம் காட்டினோம்.

"படகு எனக்கெதுக்கு, தம்பி? ஒடஞ்ச கட்டை. கட்டினது எங்க வாப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார் பீவி அம்மா.

அதற்கு ஓர் அடையாளமும் சொன்னார். பாய்மரத்தை நிறுத்தும்போது அதன் அடிக்கட்டைக் குழியில் வீட்டுப் பெண்ணின் பொன் ஒன்றை வைப்பது கட்டுகிறவரின் வழக்கம். அவருடைய வாப்பா, மனைவியின் காது மடலிலிருந்து ஓர் அலிக்கத்தைக் கழற்றி வைத்தாராம். அலிக்கத்து, நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் காது மடல் நெடுக வரிசையாகப் போடும் சிறு தொங்கல் வளையம். மிச்சமுள்ளவை இப்போது பீவி அம்மாவின் காதில் இருக்கின்றன. அந்நிய ஆண் முன்னால் அவர் முக்காட்டை விலக்க மாட்டார். அதனால் அண்ணன் என்னை அனுப்பினார். நான் பார்த்தேன். வலது மடலில் நடுவே ஒரு துளையில் வளையம் இல்லை. தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

அண்ணன் இதைச் சொன்னபோது பெரியப்பா பாய்ந்தார். "குழியில இருக்கிறது எங்க ஆத்தாவோட தாலிக்குண்டு! கட்டையப் பிரிக்கையில நீயே பார்த்துக்கடா!" என்றார்.

தொங்கானைப் பிரிக்கும் நாளும் வந்தது. கால்வாய் ஓரத்தைத் துப்புரவு செய்ய அதை அகற்றச் சொல்லிவிட்டார்கள். தஞ்சோங் ரூவுக்கு இழுத்துப்போய்க் கரையேற்றினார்கள். பெரியப்பா அதையும் விழாவாக்கி, நாதசுரம் வைத்து, உறவு முழுவதையும் கூட்டி, இலைச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். பீவி அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அதே தவுக்கே அடிக்கட்டையை உளியால் பிளந்தார். தார் பூசிய துணிச் சுருள் ஒன்று வந்தது. அதை மண்ணெண்ணெயில் அலசிப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். சிறு தொங்கலோடு ஒரு தங்க வளையம். தாலிக்குண்டு இல்லை. பெரியப்பா அதை வெயிலில் உயர்த்திப் பிடித்துக் கூசாமல் சொன்னார்: "பாத்தீங்களா! எங்க ஆத்தா காதுல போட்டது!"

எல்லாரும் கை தட்டினார்கள். நம் குடும்பத்தில் எந்தப் பெண்ணாவது காது மடலில் வரிசையாகத் துளை போட்டதுண்டா? அது அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். நாதசுரக்காரர் பாட்டை எடுத்தார்.

"பெரியப்பா, நேத்து வரைக்கும் தாலிக்குண்டுன்னீங்களே" என்றார் அண்ணன்.

"தங்கம் தங்கந்தானடா. அந்தப் பொம்பளையோடதுன்னா காட்டச் சொல்லு. முக்காட்ட எடுத்துக் காதைக் காட்டச் சொல்லு, இங்கயே!"

பீவி அம்மா அந்தக் கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். "எங்க வாப்பாவுக்குச் சாட்சியா நான் உங்க முன்னால தலையத் தொறக்கணுமா? தூ!" என்று மண்ணில் துப்பிவிட்டுக் குடையோடு நடந்தார்.

"நான் பார்த்தேன், அவங்க காதுல ஒண்ணு இல்ல" என்று நான் கத்தினேன். என் மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். "சாப்பாட்டு நேரத்துல எதுக்கும்மா இது, சும்மா இருலா" என்றார் ஒரு சித்தி. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். அண்ணன் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. மற்ற எல்லாரும் பாயசம்வரை சாப்பிட்டார்கள். ரோச்சோர் சேற்றில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

அதன்பின் அண்ணனுக்கு எந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் வரவில்லை. 'துலுக்கச்சி கொடுத்த மருந்து' என்றுகூட நம்மவர்கள் பேசினார்கள். சங்க மலருக்கு அண்ணன் உள்ளதை எழுதிக் கொடுத்தார். தாத்தாவின் பெயரோடு வேறொருவர் எழுதியது அச்சில் வந்தது. பெரியப்பா வீட்டுச் சாமி அறையில் அந்த வளையம் வெள்ளிச் சிமிழில் குடியேறியது. தொங்கான் போய்விட்டதால் இப்போது மணப்பெண்கள் அந்தச் சிமிழைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். திருடிய பொருளைக் கும்பிட்டுத்தான் நம் வீட்டுப் பெண்கள் குடித்தனம் தொடங்குகிறார்கள்.

அண்ணன் நெஞ்சு நோயில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நான் மறக்க மாட்டேன், ஏனென்றால் வந்தவர்கள் மிகவும் குறைவு. பீவி அம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவார். தம்ளரின் விளிம்பைத் துடைத்துக் குடிக்கும் என் அண்ணன், அந்தத் தூக்குச்சட்டியை அப்படியே வாயில் வைத்துக் குடித்தார். கடைசியாக என்னிடம் பேசியபோது, "அந்த வளையத்த வாங்கிக் குடுத்துடு தங்கச்சி. என்னால முடியல" என்றார். மறுநாள் விடியும்முன் கண்ணை மூடிவிட்டார்.

அவர் இறந்ததும் உறவு முழுவதும் ஓடி வந்தது. "எங்க புள்ள, எங்க குலக்கொழுந்து" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். பீவி அம்மா மல்லிகைச் சரத்தோடு வாசலில் நின்றார். ஒருவர் அதை வாங்கிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் போய் எடுத்து அண்ணனின் மார்மேல் போட்டேன். யார் எடுத்து வைத்தார் என்று பெயர் எழுத மாட்டேன். படிக்கும்போது அவருக்கே தெரியும்.

வழக்கப்படி நன்றி சொல்ல வேண்டும். உண்மையை மறைக்காமல் சொன்ன காலாங் பெரியவருக்கு நன்றி. பிரித்த கட்டையிலிருந்து ஒரு துண்டை இழைத்து அண்ணனுக்குக் கொடுத்த தவுக்கேவுக்கு நன்றி. அண்ணனின் படம் இப்போது அதன் மேல்தான் நிற்கிறது. கஞ்சி கொண்டுவந்த கைக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படகைக் கட்டியவர் பீவி அம்மாவின் வாப்பா. அந்த அம்மா கேட்ட ஒரு வார்த்தை இதுதான். தஞ்சோங் ரூ கரையில் கத்தியும் எடுபடாததை இங்கே அச்சில் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா, இந்த மலரை உங்கள் கையில்தான் முதலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நினைவு நாளன்று நீங்கள் வருவீர்கள், பெரிய மாலையாகவே கொண்டுவருவீர்கள். மாலை வேண்டாம். வெள்ளிச் சிமிழைக் கொண்டு வாருங்கள். அன்று என் வீட்டு உள்ளறையில் பீவி அம்மா உட்கார்ந்திருப்பார். ஆண்கள் யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. வாசலில் என்னிடம் கொடுத்தால் போதும். ஈர்க்குச்சியை எடுத்துவிட்டு அந்த வளையத்தை அவர் காதில் நானே மாட்டுகிறேன். அதற்குப் பிறகுதான் அன்று இலை போடுவேன்.