லிஃப்டில் பாதியில் நின்ற குளியலறைக் கதை

என் அப்பா ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கினார். வேலைக்காலம் முழுவதும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மேலும் கீழும் போய்வந்தார். "என் அளவுக்கு உயரத்துக்குப் போனவன் நம்ம குடும்பத்துல யாரு? என்ன, உடனே கீழ இறக்கி விட்டுடுவாங்க" என்பார்.

லிஃப்டில் ஏறுகிறவர்களின் முகம் அவருக்குப் பிடிக்காது. எல்லாரும் யாரோ ஒருவருடைய படுக்கையை நினைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள். அதனால் கதை சொல்வார். கீழ்த்தளத்தில் தொடங்கி உச்சி மாடியில் முடிகிற அளவுக்குக் கத்தரித்து வைத்திருந்த கதைகள். அவற்றில் நன்றாக ஓடியது என்னைப் பற்றியது.

நான் கட்டடங்களின் தரத்தைச் சோதிக்கும் பொறியாளர். கான்கிரீட்டைத் தட்டிப் பார்ப்பேன், விரிசலை அளப்பேன், குறை எழுதுவேன். கட்டுகிறவர்கள் என்னைக் கண்டால் நடுங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மகள் இருக்கும்போது அப்பா புதிதாகக் கட்டிய அடுக்ககம் ஒன்றில் வீடு வாங்கினார். சாவி வாங்குவதற்கு முன் சோதிக்கப் பெட்டி நிறையக் கருவிகளுடன் போனேன்.

பெரிய ஆர்ப்பாட்டம் செய்தேன். தரை ஓடுகளை ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். 'டொக்' என்றால் அடியில் கலவை நிரம்பவில்லை, நாளைக்கு உடையும். அவற்றுக்குச் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டேன். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழைந்தது. ஜன்னல் திட்டு உள்பக்கம் சரிந்திருந்தது, மழை பெய்தால் நேராகக் கட்டிலுக்கு வரும். படுக்கையறை ஸ்விட்ச் பலகையைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இருட்டில் உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்கைத் தேட வேண்டும்.

அப்பா தன் பங்குக்கு எல்லா ஸ்விட்சையும் அமுக்கிப் பார்த்தார். "பட்டன் எல்லாம் சரியா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். மின் இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை.

கட்டடத்தின் சூப்பர்வைசர் என் பின்னாலேயே வாடிய முகத்துடன் வந்தார். கடைசியாகக் குளியலறை. தரை மட்டமாக இருக்கிறதா என்று காட்டும் ரசமட்டத்தை வைத்தேன். குமிழ் நட்டநடுவில் வந்து நின்றது. திருப்பி வைத்தேன். அப்போதும் அசையவில்லை.

"இந்த வீட்டுலயே உருப்படியாப் பண்ணது இது ஒண்ணுதான். தரை அச்சுல வார்த்த மாதிரி இருக்கு" என்றேன்.

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். காலையிலிருந்து திட்டு வாங்கிய மனிதர், கிடைத்த ஒரே பாராட்டை ஏன் விடப்போகிறார்?

குளியலறைத் தரை மட்டமாக இருக்கக் கூடாது. வடிகால் துளையை நோக்கிச் சரிய வேண்டும். இது எனக்குத் தெரியும். இதைப் பற்றி இளம் பொறியாளர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றால் என் மூளை அங்கேயே நின்றுவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழே போய்ப் பிடித்து வரலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் பெட்டியில் வாளி இல்லை.

குடிபோன மறுநாள் காலை, குளியலறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"இன்ஜினியரம்மா! இங்க வந்து பாரு. தண்ணி உன்ன மாதிரியே இருக்கு. நின்ன இடத்துல நிக்குது, சொன்னா கேக்க மாட்டேங்குது!"

சாக்பீஸ் போட்ட ஓடுகளை மாற்றினார்கள், ஜன்னலைச் சரிசெய்தார்கள். குளியலறைத் தரையை உடைக்க மட்டும் அப்பா விடவில்லை. வேறு வீட்டில் குடியிருந்த நான் ஒவ்வொரு முறை வரும்போதும் பெட்டியைத் திறந்து, அளந்து, ஆள் கூட்டிவருவதாகச் சொல்வேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார். தினமும் அம்மா குளித்து முடித்ததும் அப்பாவே வைப்பரை எடுத்துக்கொண்டு போய், தேங்கிய தண்ணீரைத் துளைக்குள் தள்ளிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார்.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்தார். அதே மருத்துவமனை. சேர்த்தபோது அதே லிஃப்டில்தான் மேலே கொண்டுபோனோம். வேறு யாரோ பட்டனை அமுக்கினார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒருநாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் முழங்கையில் நீலம் பாரித்திருந்தது.

"என்னம்மா இது?"

"கதவு இடிச்சுடுச்சு."

"எந்தக் கதவு?"

அம்மா புடவைத் தலைப்பால் முழங்கையை மூடிக்கொண்டாள். கதவுகளைப் பற்றி என்னிடம் பொய் சொல்வது கடினம். குளியலறையில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தேங்கியிருந்தது. வைப்பர் மூலையில் காய்ந்துபோய்ச் சாய்ந்திருந்தது.

"குழாயைப் பிடிச்சுக்கிட்டேன், ஒண்ணும் ஆகல. அதுக்காகத் தரைய உடைக்காதே" என்றாள் அம்மா. "அவர் இத்தன நாள் வெச்சுக்கிட்டு இருந்தத நீ வந்து ஒடைக்கணுமா?"

"அடுத்த தடவை குழாய் கைக்கு எட்டலன்னா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இடுப்பு எலும்பு தேய்மானம். விழுந்தால் எழுந்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் இனி அளக்க வேண்டியது அது ஒன்றுதான். அதற்குக் கருவி கிடையாது. அம்மாவைக் கேட்காமல் மேஸ்திரியை வரச் சொன்னேன்.

மேஸ்திரி பழைய ஓடுகளை எடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, துளையை அடைத்துத் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்தார். ஒழுகவில்லை. புது ஓடு பதிக்கத் தொடங்கியபோது நான் ரசமட்டத்துடன் வாசலில் நின்றேன்.

"மேடம், அதை உள்ள வைங்க" என்றார். "பாத்ரூம்ல ரசமட்டத்த வெச்சு ஒரு பொண்ணு மாட்டிக்கிட்ட கதை தெரியுமா உங்களுக்கு?"

நான் ரசமட்டத்தை இறக்கினேன்.

"யார் சொன்னாங்க?"

"எங்க வீட்டுக்காரிய ஆஸ்பத்திரில சேர்த்திருந்தப்போ அங்க ஒரு லிஃப்ட்காரர் சொன்னாரு. தங்கமான மனுஷன். தண்ணி நின்ன இடத்துல நிக்குதுன்னு சொல்றப்போ என் மாடி வந்துடுச்சு, இறங்கிட்டேன். பொண்டாட்டியும் அன்னிக்கே வீட்டுக்கு வந்துட்டா. முடிவு என்னன்னு இன்னி வரைக்கும் தெரியல. போற சைட்ல எல்லாம் சொல்லுவேன், எல்லாரும் கேப்பாங்க, 'அப்புறம் சரி பண்ணாங்களாண்ணே'ன்னு."

"இப்பதான் பண்றோம்" என்றேன். "நீங்கதான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், ரசமட்டத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

முடிவு எனக்கும் தெரியாது. நான் அப்பாவோடு உச்சி மாடிவரை கதை கேட்டுக்கொண்டு போனதே இல்லை. சமையலறையிலிருந்து அம்மா வந்து நின்றாள்.

"முடிவு நான் சொல்றேன் தம்பி. கேக்கறவங்க எல்லாம் 'ஏன் பெரியவரே, இன்னும் சரி பண்ணலையா'ன்னு கேப்பாங்களாம். 'பண்ணிட்டா எம்பொண்ணு அப்புறம் எதைச் சாக்கு வெச்சு வருவா'ன்னு சொல்வாராம். அதோட லிஃப்ட் கதவு திறந்துடுமாம்."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு கலவையைக் கிளறினார். நன்றாகக் கலந்திருந்த கலவை அது. கிளறத் தேவையே இல்லை.

ஓடு இறுகியதும் நான் கீழே போய் ஒரு வாளி வாங்கி வந்தேன். நிரப்பி, ஒரே வீச்சில் கொட்டினேன். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு சுவர் ஓரத்திலிருந்து ஒதுங்கித் துளையைப் பார்த்து ஓடியது. தரை காலியானது.

அம்மா காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். வழுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். வைப்பரை எடுத்துப் பால்கனியில் வைத்துவிட்டு வந்தாள். "சரி. இனிமே எதைப் பாக்க வருவே?"

நான் அண்ணாந்து பார்த்தேன். கூடத்தில் உத்தரமும் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு. இரண்டும் சேரும் இடத்தில் கம்பிவலை வைக்காமல் பூசினால் வருகிற விரிசல். ஆபத்தில்லை. கையோடு அடைத்துவிடலாம். மேஸ்திரியும் இன்னும் கிளம்பவில்லை.

"அந்த விரிசல் இருக்கேம்மா" என்றேன்.

அம்மா அதை நெடுநேரம் பார்த்தாள்.

"அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள். "அடுத்த தடவை பாத்துக்கலாம்."