சுடர்விழியின் ஜீப்புக்குக் கல் வேண்டாம்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் சுடர்விழியைத் தெரியாதவர் கிடையாது. பூவுக்காகத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் என்றால், கோபத்துக்காகத் தெரிந்தவர்கள் மீதிப் பேர். எடையில் கை வைத்த கடைக்காரரைத் தராசோடு சேர்த்து ரோட்டுக்கு இழுத்து வந்தவள் என்பார்கள். உண்மைதான். தராசு கொஞ்சம் சின்னது, அவ்வளவே. அவளைக் கோபக்காரி என்று சொல்லும் ஊர், காரணமில்லாமல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லாது.

சுற்றுப்பட்டுக் கொல்லைகளில் பறிக்கிற மல்லிகையையும் முல்லையையும் மூட்டை கட்டித் தன் ஜீப்பில் ஏற்றி, விடியும்போது மார்க்கெட்டில் இறக்குவது அவள் தொழில். ஜீப்பை அவளேதான் ஓட்டுவாள். புருஷன் ஆத்மநாதன் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். வண்டி நின்றதும் சீட்டுக்கு அடியில் கிடக்கும் கருங்கல்லை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். ஹேண்ட் பிரேக் பிடிக்கிற வண்டி, பிடிக்காத வண்டி, தரை மட்டமாக இருக்கும் இடத்தில் நிற்கிற வண்டி, எதுவானாலும் எங்கள் பக்கத்தில் கல் வைத்துவிடுவார்கள். செருப்பை மறந்து கிளம்பினாலும் கிளம்புவார்கள், கல்லை மறக்க மாட்டார்கள்.

போன வருஷம் ஆலங்குடி ரோட்டில், நின்றிருந்த ஜீப்புக்குப் பக்கத்தில் மூட்டைக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தவளை ஒரு மணல் லாரி உரசிவிட்டுப் போனது. நிற்கவும் இல்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, பல்லைக் கடித்து வலியைத் தாங்கி நடக்கப் பழகினாள். ஆனால் கிளட்சுக்கு அந்தக் கால் உதவவில்லை. எவ்வளவு அமுக்குகிறோம் என்பதே அதற்குத் தெரியவில்லை.

சம்பளத்துக்கு வைத்த டிரைவர் தன் தூக்கம் தெளிந்த பிறகுதான் வருவான். அதற்குள் மொட்டு வாய் திறந்துவிடும். விரிந்த மல்லிகையை எவன் வாங்குவான்? கொல்லைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளுக்குப் பூவைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன் சோலையப்பன் வந்து உட்கார்ந்தார்.

“ஜீப்ப வித்துப்புட்டு வீட்ல உக்காரு சுடரு. ஒனக்கு என்ன கொறச்சல்?”

“ஒரு காலு கொறச்சல்ண்ணே. அது ஒன் கண்ணுக்குத் தெரியலயாக்கும்?”

அண்ணன் எழுந்து போய்விட்டார். ஆனால் பேச்சு ஊருக்குள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் ஓட்டாவிட்டால் தொழில் இல்லை. தொழில் இல்லாவிட்டால் அண்ணன் சொன்ன மூலைதான். அந்த மூலையை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கால் பொருத்திய ஆஸ்பத்திரியில், அவளைப் போலவே இடது கால் போன ஒருவர் கிளட்சே இல்லாத காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியதை அவள் பார்த்திருந்தாள். அந்தக் கார் கொல்லைச் சேற்றில் இறங்காது, பூ மூட்டையும் ஏற்றாது. அப்படியானால் தன் ஜீப்பையே கிளட்ச் இல்லாத வண்டியாக மாற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். அருள்தாஸிடம் போனாள். ஆவூர்ப் பக்கத்துக்காரர், ஆலங்குடியில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர், கை சுத்தமான வேலைக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஜப்பான் வண்டி ஒன்றின் டீசல் எஞ்சினையும் அதன் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸையும் வரவழைத்து ஜீப்புக்குள் உட்கார வைத்தார். அனுமதியும் முறைப்படி வாங்கியாயிற்று.

பெரிய வேலையெல்லாம் ஒழுங்காகத்தான் முடிந்தது. அவர் கோட்டை விட்டது இரண்டு கேபிள்களில். ஒன்று, டிரைவர் பக்கத்தில் இருக்கும் கியர் லிவரிலிருந்து கீழே கியர் பாக்ஸின் விலாவில் இருக்கும் சின்னக் கைக்குப் போவது. இன்னொன்று, ஆக்சிலேட்டர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று கியர் பாக்ஸுக்குச் சொல்லுவது.

முதல் ஓட்டத்திலேயே சுடர்விழிக்குச் சந்தேகம் தட்டியது. வண்டி கிளம்பியதுமே அவசர அவசரமாக மேல் கியருக்குப் போனது. மேடு வந்தால் எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி வழுக்கியது. லேசாகக் கருகிய வாடையும் வந்தது.

“பயந்து பயந்து மிதிச்சா அப்புடித்தான் ஆத்தா இருக்கும். கால நல்லா அழுத்துங்க” என்றார் அருள்தாஸ்.

“அழுத்துற காலு நல்லாத்தாண்ணே இருக்கு. போனது எடது காலு.”

அவர் சிரித்தார். கூட வந்திருந்த சோலையப்பனும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் வண்டி அவர் கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்ட ஒரே இடம் அதுதான், அதுவே தப்பாகப் போயிற்று.

வண்டி வீட்டுக்கு வந்தது. குளத்தங்கரைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினால்தான் எங்கள் ஊரில் வண்டி வண்டியாகும். கோயில் கரையின் ஏற்றத்தில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அருள்தாஸும் வந்திருந்தார். சோலையப்பன் தன் புது பைக்கை ஜீப்புக்குப் பின்னால் நிழலாகப் பார்த்து நிறுத்தியிருந்தார். பழம் வைப்பதற்காக ஆத்மநாதன் கல்லை எடுத்துச் சீட்டுக்கு அடியில் போட்டு, வழக்கம்போல் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

சுடர்விழி ஜீப்பை நகர்த்தினாள். நாலு பழமும் நசுங்கின. பூசாரி கற்பூரத் தட்டோடு பக்கத்தில் வந்தார். அவள் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தி, லிவரை ‘பார்க்’கில் தள்ளி, காலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்ளத் திரும்பினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி கண்மூடித் திறக்கிற நேரம் நின்றது. அப்புறம் அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம். ஜீப் பின்னால் போனது, உருண்டல்ல, ரிவர்ஸ் விழுந்த வண்டி போகிற மாதிரி விசையோடு போனது. அவள் பாய்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள் பைக் சாய்ந்து அதன் முகப்பு விளக்கு நொறுங்கிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. ஆத்மநாதன் கல்லோடு குதித்து இறங்கினார்.

“ஒத்தக் காலோட ஓட்டாத, ஓட்டாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே! பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர அமுக்கிட்டா!” என்று சோலையப்பன் கரையே அதிரக் கத்தினார்.

கூட்டம் தலையாட்டியது. அருள்தாஸும் ஆட்டினார். “பழகுற வரைக்கும் காலு மாறத்தான் செய்யும்” என்றார்.

“பார்க்குல கெடக்குற வண்டி, ஆக்சிலேட்டர அமுக்குனா எப்புடிண்ணே பின்னாடி போகும்?” என்று கேட்டாள் சுடர்விழி.

“அப்ப நீங்க பார்க்குல போட்டிருக்க மாட்டீங்க ஆத்தா.”

அவள் லிவரைக் காட்டினாள். அது பார்க்கில்தான் இருந்தது.

“பதட்டத்துல அதுக்கப்பறம் தள்ளியிருப்பீங்க.”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க? நான் எங்க போட்டேன்னு சொல்லுங்க.”

ஆத்மநாதன் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். “நான் கல்ல எடுக்கக் குனிஞ்சுட்டேன் சுடரு” என்றார்.

லாரிக்காரன் காலை எடுத்தான், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இருக்கிற காலையும் நம்ப முடியாத கால் என்று ஊர் கூடிச் சொன்னதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் எஞ்சினைப் போடாமலே, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொல்லி, சாக்கு விரித்து ஜீப்புக்கு அடியில் நுழைந்தாள். செயற்கைக் காலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டாள்.

“லிவர ஒவ்வொரு எடமாத் தள்ளுங்க. தள்ளும்போது எந்த எடம்னு சொல்லுங்க.”

ஆத்மநாதன் மேலே உட்கார்ந்து தள்ளினார். டிரைவ் என்றார், நியூட்ரல் என்றார், ரிவர்ஸ் என்றார். கீழே கியர் பாக்ஸின் சின்னக் கை ஒவ்வொன்றுக்கும் நகர்ந்தது. ஆனால் அந்தந்த இடத்துக்கு உரிய குழியில் நன்றாக உட்காராமல் ஓரத்தில் தொற்றிக்கொண்டே நின்றது. பார்க் என்றார். கை பாதி வழி வந்து அப்படியே நின்றது. சுடர்விழி கட்டைவிரலால் அதைத் தள்ளிப் பார்த்தாள். ‘டக்’கென்று இன்னும் கொஞ்சம் போய் உட்கார்ந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேலே லிவர் பார்க் என்று காட்டியது, கீழே பாக்ஸ் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற எஞ்சினின் அதிர்வில் ரிவர்ஸ் பக்கம் சரிந்திருக்கிறது. பட்டறையில் இருந்தபோதும் வீட்டுக்கு வந்த பிறகும் இது ஏன் யாருக்கும் தெரியவில்லை? கல்! அருள்தாஸ் வண்டியை நிறுத்தினால் முதல் வேலையாகக் கல் வைப்பார். இங்கே வந்தால் ஆத்மநாதன் வைப்பார். வண்டி பார்க்கில் நிற்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அது கல்லில் நின்றுகொண்டிருந்தது. பூஜையில் பழம் நசுக்கி நிறுத்தியபோதுதான் முதல்தடவையாக அது கல் இல்லாமல் நின்றது.

“சனியன் புடிச்ச கல்லு!” என்று அடியிலிருந்தே கத்தினாள். ஆத்மநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பயந்துபோய் இறங்கி நின்றார்.

யார் சொல்லியும் கேட்காமல், ஆத்மநாதனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, அவளே மெதுவாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஆலங்குடிக்குப் போனாள். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த அருள்தாஸைக் கூப்பிட்டு, “அடியில போயி அந்தக் கையத் தள்ளிப் பாருங்கண்ணே” என்றாள். எஞ்சினை நிறுத்தி, கல் வைத்துவிட்டுப் போனவர், கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. முதலில் கீழே இருக்கும் கையைக் கடைசிவரை தள்ளிவிட்டு, அதற்கேற்பத்தான் கேபிளை முடுக்கியிருக்க வேண்டும். அவர் மேலே லிவரைப் பார்க்கில் வைத்துவிட்டு, கேபிளை இழுத்துப் பிடித்து நட்டை இறுக்கியிருந்தார்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தார். நட்டைத் தளர்த்தினார். கையைக் கடைசிவரை தள்ளினார். கல்லை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னார், அசையவில்லை. லிவரைப் பார்க்கில் வைத்து, கேபிளை இழுக்காமல் கொள்ளாமல் இறுக்கினார். ஒவ்வொரு இடமும் குழியில் உட்காருகிறதா என்று தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இன்னொரு கேபிளையும் பாருங்க” என்றாள்.

“அது நல்லாத்தான் ஆத்தா இருக்கு. லாரிக்கு வைக்கிற மாதிரி கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் வச்சிருக்கேன்.”

சொல்லி வாயை மூடுவதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. லாரி ஆக்சிலேட்டர் கேபிளுக்குத் தொய்வு நல்லது. இதுவோ சேதி சொல்லுகிற கேபிள். தொய்ந்து கிடந்தால், மேடேறக் கால் முழுசாக அமுக்கியிருப்பது பாக்ஸுக்குத் தெரியாது. சும்மா போகிற வண்டி என்று நினைத்துச் சீக்கிரமே கியரை ஏற்றி, உள்ளே பிளேட்டுகளை வழுக்க விடும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பாக்ஸே கருகியிருக்கும். அவள் ஆக்சிலேட்டரை அடிவரை அமுக்க, கேபிளில் இருக்கும் சின்னக் குண்டு உறையின் வாயோடு ஒட்டி நிற்கும்வரை அவர் முடுக்கினார்.

“முழுசா அமுங்குதாண்ணே? நல்லாப் பாத்துக்கங்க, இதுதான் பயந்து பயந்து மிதிக்கிற காலு.”

“விடுங்க ஆத்தா. மனுசன் கை. தவறுறது சகஜந்தான்.”

“ஒங்க கை தவறுனா சகஜம். என் காலுன்னா மட்டும் ஊரே கூடி நிக்குமாக்கும்?”

அவள் விடுவதாக இல்லை. “ஏறுங்க வண்டியில” என்றாள்.

குளத்தங்கரைக்கு வந்தார்கள். மேட்டில் ஜீப் வழுக்காமல் இழுத்துக்கொண்டு ஏறியது. சேதி தெரிந்து சோலையப்பனும் விளக்கு உடைந்த பைக்கில் வந்து, இந்தத் தடவை வெகுதூரத்தில் நிறுத்தினார். அதே இடத்தில் சுடர்விழி வண்டியை நிறுத்தி, பார்க்கில் போட்டு, எஞ்சின் ஓட ஓடப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். ஆத்மநாதனின் கை சீட்டுக்கு அடியில் போனது.

“கல்லத் தொடாதீங்க.”

கை வெளியே வந்தது. வண்டி நின்றது, ஆடாமல் அசையாமல் நின்றது. அவள் அருள்தாஸைப் பார்த்தாள்.

“வண்டிக்குப் பின்னாடி போயி நில்லுங்கண்ணே. சோலையண்ணே, நீயும் போயி நில்லு. என் காலு கீழ தொங்குது பாரு, எதையும் மிதிக்கல.”

“எனக்கென்ன தலையெழுத்தா?” என்று சோலையப்பன் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டார்.

அருள்தாஸ் நடந்தார். ஜீப்பின் பின்பக்கம் வரை போனவர் நின்றார். அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்தார்.

“எஞ்சின அமத்துங்க ஆத்தா. தம்பி, அந்தக் கல்லக் கொஞ்சம் வைங்க. நிக்கிறதுக்கு முன்னாடி அடியில ஒரு தடவ பாத்துக்குறேன்.”

சுடர்விழி எஞ்சினை நிறுத்தினாள், ஆத்மநாதன் கல்லை வைத்தார். ஆத்திரத்தில் அவள் குரல் தாழ்ந்துபோயிருந்தது.

“அன்னிக்கி என்னைய ஏத்திவிட்டீங்களே, அப்ப ஒரு தடவ பாத்தீங்களாண்ணே?”

அவர் அவளைப் பார்க்காமலே அடியில் நுழைந்தார். நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவரே கல்லை எடுத்துக் குளத்துப் பக்கம் போட்டுவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றார். அவள் எஞ்சினைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

போதும் என்று அவள் சொல்லுகிறவரை அவர் நிற்க வேண்டியிருந்தது. அவள் வெகுநேரம் சொல்லவில்லை.