மருத்துவமனை நடைக்கூடம், பிற்பகல்

ஆபீசில் அவரை எல்லோரும் இரைச்சலக்கா என்றுதான் கூப்பிடுவோம். பேசுகிறவர் கோபத்தில் இருக்கிறாரா, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாரா என்று குரலை வைத்தே கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுப்பது எங்கள் வேலை. அமைதியான அறையில் அது ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். பக்கத்தில் ஒரு மிக்ஸி ஓடினால் போதும், சிரிப்பை அழுகை என்று உளறும். அதனால் முதலில் இரைச்சலைக் கழிக்கக் கற்றுக்கொடுத்தோம். கழிக்க இரைச்சல் வேண்டுமே! அதைப் பிடித்துக்கொண்டு வருபவர் அக்கா.

ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பியோடு இருந்தார். தோள்பையில் ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையம், மர அறுவைப் பட்டறை என்று நாள் முழுக்க அலைவார். "சத்தம்னா எல்லாரும் காதைப் பொத்திக்குவாங்க. நமக்கு அதுதாம்மா சோறு போடுது" என்பார்.

ஒரு நாள் பிற்பகல் இரைச்சல் பிடிக்க மருத்துவமனை நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டர் பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவுக்கு ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதில் கிடந்தது அவருடைய தம்பி. லிஃப்ட் குழிக்குள் விழுந்திருந்தான். அக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு கதறினார். அவன் அவரைப் பார்த்தான், ஏதோ சொன்னான். உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிவதற்குள் ஆபீசிலிருந்து ஆள் போய் ரெக்கார்டரை வாங்கி வந்துவிட்டார். பதிவு என் மேஜைக்கு வந்தது. ஒவ்வொன்றையும் அங்கங்கே சில நொடி கேட்டுவிட்டுப் பெயர் போடுவது என் வேலை. ஒரு பெண் அழுவது கேட்டது. மருத்துவமனையில் யாராவது அழத்தானே செய்வார்கள்? "மருத்துவமனை நடைக்கூடம், பிற்பகல். பின்னணி" என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆறு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்கு அந்தக் குரல் பிடிபடவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"அந்தப் பதிவு இருக்காம்மா? அவன் என்னமோ சொன்னான். எனக்குக் காதுல விழல. நீங்கதான் இரைச்சலை எடுப்பீங்களே, எடுத்துக் குடுங்க."

நான் பின்னணி என்று எழுதி அனுப்பியது அதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் இஞ்சினியர் உடனே போட்டுப் பார்த்தார். சுத்தமாக ஒன்றுமே கேட்கவில்லை. என் எழுத்தை நம்பி, இந்தப் பதிவு முழுவதையும் கழிக்கவேண்டிய இரைச்சல் என்று கம்ப்யூட்டர் ஏற்கெனவே பாடம் படித்துவிட்டிருந்தது. இதைப் படிப்பதற்கு முந்தைய பழைய பதிப்பில் போட்டார். அது சத்தமான குரலைப் பேசுகிறவர் என்று எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துடைத்துவிட்டது. அக்காவின் கதறல் மட்டும் கணீரென்று கேட்டது. திரையில் "துக்கம்" என்று விழுந்தது. முதல் தடவையாகத் துளியும் தப்பில்லாமல் சொல்லியிருந்தது.

"என் குரலை எடுத்துடுங்க. அவனோடது மட்டும் போதும்."

"ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு அக்கா. உங்களோடதை எடுத்தா அதுவும் போயிடுது" என்றார் இஞ்சினியர். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா ஹெட்போனை வாங்கி, எதையும் கழிக்காத மூலப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போதுதான் கழற்றினார்.

"நான் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்மா."

அந்தப் பதிவுக்குப் பின்னணி என்று எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கம்ப்யூட்டர் படித்த பாடத்திலிருந்து அந்தப் பதிவை நீக்கச் சொல்லி இஞ்சினியரிடம் கெஞ்சினேன். ஆயிரக்கணக்கான குரல்களோடு கலந்தாகிவிட்டது, இனி பிரிக்க முடியாது என்றார்.

அக்கா வேலையை விட்டுவிட்டார். போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்து, "வாம்மா" என்றார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். மாதக்கணக்காக அப்படித்தானாம்.